தன்மை நவிற்சி

பெரியாயி அப்போது சாகவில்லை. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள், சுற்றி வளைத்துத்தான் புரிந்துகொள்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பண்டாரவளையில் கஜேந்திரன் சேருடைய போன் அடித்தபோது, அவரைப் பெற்ற பெரியாயிக்கு உயிர் இருந்தது, நினைவு இருந்தது, மூத்த மகன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது.

கஜேந்திரன் தமிழ் வாத்தியார், எல்லாருக்கும் சேர். பண்டாரவளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். அணியிலக்கணத்தில் புலி. உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வெளியே போனதில்லை. மலர் போன்ற முகம் என்றால் உவமை, முகமே மலர் என்றால் உருவகம், நடக்கவே முடியாத அளவுக்கு ஒன்றை ஏற்றிச் சொன்னால் உயர்வு நவிற்சி, புகழ்கிற மாதிரி பழித்தால் வஞ்சப்புகழ்ச்சி, செத்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் என்று சொன்னால் அது மங்கலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தன்மை நவிற்சி என்று ஒன்று இருக்கிறது, உள்ளதை உள்ளபடி சொல்வது. அதை மட்டும் சேர் ஒரே வரியில் தாண்டிவிடுவார். அதில் படிப்பிக்க என்ன இருக்கிறது, இருப்பதை இருக்கிறபடி சொல்வதற்கு வாத்தியார் வேறு வேண்டுமா என்று கேட்பார். பரீட்சையிலும் அது அவ்வளவாக வருவதில்லை.

இதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவார். மனைவி நிரஞ்சலா பசியில் உயிர் போகிறது என்றால், உயர்வு நவிற்சி என்பார். உங்களைக் கட்டிக்கொண்டு நான் ராணி மாதிரி இருக்கிறேன் என்று அவள் பாத்திரத்தைப் போட்டால், வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லித் தானே சிரிப்பார். ஊரில் பெரியாயியிடமும் இதே கூத்துதான். முழங்கால் நெருப்பாய் எரிகிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். அவள் லேசுப்பட்டவளா? “நான் சொல்றது என்னன்னு கேளுடா. அதுக்குப் பேரு வைக்காத” என்று ஒரு தரம் முகத்துக்கு நேரே சொன்னாள். அதையும் அவர் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தார்.

ஊர் என்பது ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற மேமலைத் தேயிலைத் தோட்டம். அங்கே மேல் லயம் என்கிற வரிசைவீட்டில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. தகப்பன் அழகர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் பெரியாயி கொழுந்து பறித்தும் பிள்ளைகளை வளர்த்தார்கள். மூத்தவர் படித்து அரசாங்க வாத்தியாராகிப் பண்டாரவளையில் வீடு கட்டிக்கொண்டார். இளையவன் சுரேஸ் தோட்டத்திலேயே வேலைக்குப் பேர் பதிந்து தாயோடு இருந்துவிட்டான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேமலையில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் அதுதான். கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்லும்போது யாரும் செத்துப்போச்சு என்று போனில் சொல்ல மாட்டார்கள். “சீரியஸ், பதுளைக்குக் கொண்டு போறோம், கெளம்பி வாங்க” என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரி பதுளையில்தான் இருக்கிறது. தந்தி அடித்த காலத்திலிருந்து அப்படித்தான். கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளை, வீட்டு வேலைக்குப் போன பெண், ஒரே அடியாகக் கேட்டால் நடுவழியில் விழுந்துவிடுமே என்கிற இரக்கம். கேட்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும். திருப்பிக் கேட்க மாட்டார்கள். உசுரு இருக்கா என்று யாராவது கேட்டுவிட்டால், வாயில நல்ல வார்த்தையே வராதா என்று ஏச்சு விழும். ஆகவே சீரியஸ் என்ற உடனேயே கோடித் துணியை வாங்கிக்கொண்டு, அழுதபடி பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்தால் கஜேந்திரன் ஒரு தடவை பட்டிருக்கிறார். அழகர் செத்தபோது அவர் வேலைக்குப் புதிது, தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தார். அப்பாவுக்கு சீரியஸ், பதுளைக்குக் கொண்டு போகிறோம் என்று போன் வந்தது. புத்தகத்தில் மங்கலத்தைக் கரைத்துக் குடித்தவர், காதில் விழுந்ததை அப்படியே நம்பினார். பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடி, வார்டு வார்டாக ஏறி இறங்கி, அரைகுறைச் சிங்களத்தில் அழகர், அழகர் என்று கேட்டு அலைந்தார். அழகர் என்று அங்கே யாரையும் கொண்டுவந்திருக்கவே இல்லை. அழகர் லயத்து வாசலில் வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்தார். மகன் தோட்டத்துக்கு வந்து சேரும்போது மழை இருட்டிக்கொண்டு வந்ததென்று குழிக்குள் இறக்கியாகிவிட்டது. ஒரு பிடி மண்தான் கிடைத்தது.

அன்றைக்கு அவர் லயத்தில் நின்று கத்திய கத்தல் இன்றைக்கும் மேமலையில் பேச்சு. பெற்றவன் வாய்க்குப் பால் ஊற்ற விடாமல் பண்ணிவிட்டீர்களே என்று பெரியவர் சின்னவர் பாராமல் ஏசினார். உயிர் போகிற நேரத்தில் மூத்த மகன் கையால் வாயில் ஒரு சொட்டுப் பால் விழ வேண்டும். அது அவர்களுக்குப் பெரிய காரியம். பெரியாயி தாலியறுத்த நிலையில் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். “ஒங்கப்பனுக்குத்தான் குடுத்து வைக்கல. எனக்காவது நீதான்டா ஊத்தணும். நீ வராம என் உசுரு போகாது” என்றாள். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் இதை ஞாபகப்படுத்துவாள். அதற்கென்ன அவசரம், இன்னும் நூறு வருசம் இருக்கிறது என்பார் அவர். இதுக்கு என்ன பேரு வச்சிருக்க என்று கேட்டுச் சிரிப்பாள் கிழவி.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். போன் வந்தபோது சேர் வகுப்பில் மங்கலம் படிப்பித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். சுரேஸின் பெயரைப் பார்த்து எடுத்தார்.

“அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப சீரியஸா இருக்கு. அம்புலன்ஸ்ல பதுளைக்கு அனுப்பப் போறாங்க. ஒங்களத்தான் கேக்குது. நேரா அங்க வந்துருங்க” என்றான் சுரேஸ். அழுகையோடுதான் சொன்னான்.

கஜேந்திரன் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். எப்போது என்று மட்டும் கேட்டார். விடியற்காலையில் அடுப்புப் பற்ற வைக்கக் குனிந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்று சுரேஸ் சொன்னான். அதற்குள் மலை இடையில் புகுந்து லைன் கட்டாகிவிட்டது. திருப்பி எடுத்தார், கிடைக்கவில்லை.

முகத்தில் பாதிச் சோப்புநுரையோடு கட்டிலில் உட்கார்ந்தார். “அம்மா போயிருச்சு நிரஞ்சலா” என்றார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை.

நிரஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் கேட்டாள். கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாள். அவர் பதுளைக்கு என்றுதானே சொல்லியிருக்கிறார், எதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடுவோமே, பஸ் பிடித்தால் எவ்வளவு நேரம் என்றாள். கஜேந்திரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவுக்கும் இதே சொல்தான், இதே பதுளைதான், ஒங்களைத்தான் கேட்கிறது என்று வாலில் கட்டிவிடுவதும் எல்லாரும் சொல்கிற சடங்குதான் என்றார். எத்தனை வீட்டுக் கேதத்தை இதே வாயால் அவரே சொல்லியிருக்கிறார். குரல் பதமாக இருக்கிறதென்று தோட்டத்தில் அவரிடம்தானே போனைக் கொடுத்துச் சொல்லச் சொல்வார்கள்.

“ஒரு தடவ ஏமாந்தது போதும். ரெண்டாந்தடவையும் வார்டு வார்டா அலைஞ்சிட்டு, கடைசியில ஒரு பிடி மண்ணு போடச் சொல்றியா?” என்றார்.

அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள்? சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பதுளை ஒரு பக்கம், ஹல்துமுல்லை நேர் எதிர்ப்பக்கம். பண்டாரவளை நடுவில் இருக்கிறது. பிணம் ஓடிப்போகாது, விடியற்காலையில்தானே போனது, இன்றைக்கு எடுக்கவும் மாட்டார்கள், போகும்போது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் போவோம் என்று முடிவாயிற்று. கோடிச்சேலையும் மற்றச் சாமான்களும் வாங்க நிரஞ்சலா கடைவீதிக்குப் போனாள். கஜேந்திரன் பிரதான வீதியில் ஜஸீல் நானாவுடைய அச்சுக்கடைக்குப் போனார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலிக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். தகப்பன் என்றால் ஆலமரம், தாய் என்றால் அணைந்த விளக்கு, இளவயது என்றால் உதிர்ந்த மொட்டு என்று கையில் தயாராக வைத்திருப்பார். ஊரான் தாய்க்கெல்லாம் எழுதிய விளக்கையே தன் தாய்க்கும் போடுவதற்கு மனம் வரவில்லை. பெற்றவளுக்கென்று புதிதாக ஒன்று வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் தப்பு இல்லை. ஆனால் அதற்கு நேரம் பிடித்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஜஸீல் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உங்கட உம்மாவா சேர், போன மாதம்கூடக் கடை வாசலில் கண்டேனே என்றார். தேநீர் எடுப்பித்தார். படத்துக்காக போனைக் கேட்டு வாங்கித் தன் கணினியில் வயர் போட்டு மாட்டினார். பொங்கலன்று எடுத்த படம் ஒன்று இருந்தது. லயத்து வாசலில் எல்லாரும் நிற்கிறார்கள், பெரியாயி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். மற்றவர்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு அவளை மட்டும் நடுவில் நிறுத்தினார் ஜஸீல். பின்னால் வானமும் மேகமும் போட்டு, கழுத்தைச் சுற்றி மாலை வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றினார். மனுசி மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கஜேந்திரன் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடதாசியில் எழுதினார். வேரோடு நின்ற தேயிலைச் செடி போல எங்களைத் தாங்கிய தாயே என்று முதலில் எழுதினார். போல என்ற சொல் இருக்கும்வரை அது வெறும் உவமைதான். தாயும் செடியும் தனித்தனியாக நிற்கின்றன. போலவைத் தூக்கிவிட்டால் உருவகமாகும், இரண்டும் ஒன்றாகும். தூக்கினார். ஓசை இடித்தது. திரும்ப வைத்தார். கவ்வாத்து வெட்ட வெட்டத் துளிர்த்தவளே என்று இன்னொன்று வந்தது. அது நன்றாக இருந்தது, ஆனால் கவ்வாத்து என்பது பேனருக்கு அழகாக இருக்குமா என்று ஒரு சந்தேகம். இப்படி எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் வீதியில் ஓர் அம்புலன்ஸ் கூவிக்கொண்டு பதுளைப் பக்கமாகப் போனது. ஜஸீல் தலையைத் தூக்கிப் பார்த்து, அல்லாஹ், யார் பெத்த புள்ளையோ என்றார். கஜேந்திரனும் தலையைத் தூக்கினார். அது போன பிறகு குனிந்து போலவை அடித்தார்.

அதற்குள் யார் இருந்தது என்று விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பண்டாரவளை வந்தது தெரிந்து, இங்கதானே பெரியவன் வீடு என்று பெரியாயி கேட்டிருக்கிறாள். ஆமாம்மா, அண்ணன் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரும் என்று சுரேஸ் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு போன் எடுத்திருக்கிறான். அந்த போன் சத்தம் அடக்கப்பட்டு ஜஸீலின் மேசையில் வயரோடு கிடந்தது.

கடைசியில் பேனருக்கு எல்லாம் சரிவந்தது. பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர்கள், தோற்றம். மறைவு என்ற இடத்தில் வந்து ஜஸீல் கையை நிறுத்தினார்.

“எத்தின மணிக்கு சேர்?” என்று கேட்டார்.

கஜேந்திரன் விழித்தார். அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. ஒரு கணம் அவருக்கே ஏதோ செய்தது. ஜஸீல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, துக்கத்தில் இருக்கிற மனிதனிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று தன்னையே நொந்துகொண்டார். தேதியை மட்டும் போடுங்கள் என்றார் கஜேந்திரன். அன்றைய தேதி போடப்பட்டது. மெசின் ஓடியது.

பேனர் காய்ந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு, மனைவியையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் மேமலைக்குக் கிளம்பினார். ஹப்புத்தளை தாண்டும்போது போனைப் பார்த்தார். சுரேஸ் பல தடவை எடுத்திருந்தான். பெட்டிக்கும் பந்தலுக்கும் கேட்டிருப்பான், பாவம் என்று திருப்பி எடுத்தார். சுரேஸின் போன் அணைந்து கிடந்தது.

தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் நிரஞ்சலாதான் முதலில் கவனித்தாள். வெள்ளைக்கொடி ஒன்றைக்கூடக் காணோம். தப்பு மேளச் சத்தம் இல்லை. மலையில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் ஒரு சாவு கிடக்கும்போது யாராவது வேலைக்குப் போவார்களா? அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் லயத்துக் கடைசிக் காம்பரா பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு கோழிகள் மேய்ந்தன. பக்கத்துக் காம்பரா சிவசக்தி படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பிள்ளைக்காரி, அதனால் அன்று மலைக்குப் போகவில்லை. ஓட்டோக்காரன் உதவி செய்கிறேன் என்று பேனரைத் தூக்கி வாசலில் சாய்க்க, கட்டு அவிழ்ந்து அது பாதிவரை விரிந்துகொண்டது. மாலைக்குள்ளிருந்து பெரியாயி சிரித்தாள்.

சிவசக்தியின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. பேனரைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள், திரும்பவும் பேனரைப் பார்த்தாள்.

“சேர், நீங்க பதுளைக்குப் போகலயா?” என்றாள். “ஆயாவுக்கு உசுரு இருக்கே சேர். சார்ஜ் முடியப் போகுதுன்னுட்டு, கொஞ்சம் முந்திதான் சுரேசு போன்ல பேசுனாப்புல. கண்ணு முழிச்சு, பெரியவன் வந்துட்டானான்னு கேட்டுச்சாம்.”

கஜேந்திரன் பேனரை மடிக்கக் குனிந்தார். மடிக்காமலே நிமிர்ந்தார். விரிந்தது விரிந்தபடியே கிடந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் ஓட்டோவுக்கு ஓடினார்.

வந்த வழியேதான் திரும்ப வேண்டும். மலையிலிருந்து இறங்கி, ஹப்புத்தளை மூட்டத்துக்குள் புகுந்து, உருளைக்கிழங்கு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து, பண்டாரவளை வந்து, ஜஸீல் கடையைத் தாண்டி, அதற்கப்புறமும் பதுளை இருந்தது. வழியில் நிரஞ்சலா ஏசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். ஹாலிஎலையில் மட்டும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிப்போய் ஒரு பால் பாக்கெட்டை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா, இரும்மா, வந்துக்கிட்டே இருக்கேன்மா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். நீ வராம என் உசுரு போகாது என்று அவள் சொன்னது வெறும் பேச்சாக இருந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாக்கியத்துக்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் வார்டைக் காட்டினார்கள். வார்டு வாசல் பெஞ்சில் சுரேஸ் உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டான். உள்ளே கட்டிலில் தலைவரைக்கும் துணி போர்த்தியிருந்தது. கஜேந்திரன் முகத்துத் துணியை விலக்கினார். இன்னும் சூடு இருந்தது.

டாக்டர்மாரும் நர்ஸ்மாரும் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள் என்று சுரேஸ் சொன்னான். இனிமேல் நம்பிக்கை இல்லை என்று ஆனதும் நர்ஸ் ஒருத்தி இவனைக் கூப்பிட்டு, சொந்தக்காரர் செய்கிறதைச் செய்துகொள்ளுங்கள் என்றாளாம். கன்டீனில் கொஞ்சம் பால் வாங்கி வந்து கரண்டியை வாயருகே கொண்டுபோனான். கிழவி பல்லைக் கடித்துக்கொண்டாள். பெரியவன் வரட்டும் என்று சொன்னது உதட்டசைவில் தெரிந்தது. இரண்டு தரம் கொண்டுபோனான், இரண்டு தரமும் தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே திரும்பியபடிதான் போனாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

கஜேந்திரன் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, அந்த வாயில் கொஞ்சம் விட்டார். அது கன்னத்து வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. நிரஞ்சலா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சுரேஸ் தன் போனை நர்ஸிடமிருந்து வாங்கி வந்தான். சார்ஜ் இறங்கிப்போய் அவள்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். கொழும்பில் இருக்கிற தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன், வயதான மனிதர். சுரேஸ் வழக்கம்போலவே போனை அண்ணன் கையில் கொடுத்தான். கேதம் சொல்ல அவர்தானே.

மறுமுனையில் மாமா எடுத்தார். கஜேந்திரனுக்கு வாய் தன்னால் பழைய பாட்டுக்கு வந்துவிட்டது. மாமா, அம்மாவுக்கு என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

“அம்மா செத்துப்போச்சு மாமா.”

படிச்சவன் பேசுற பேச்சாடா இது என்று மாமா கேட்டார். சீரியஸா இருக்குன்னு சொல்லுடா, நான் பொறப்பட்டு வர்றேன், அப்புடிச் சொல்லுடா என்று கெஞ்சினார். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டாவது அவருக்குப் பஸ் ஏற வேண்டும்.

“சீரியஸ் இல்ல மாமா. செத்துப்போச்சு. நான் வர்றதுக்குள்ள செத்துப்போச்சு” என்றார் கஜேந்திரன். போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுரேஸ் அண்ணனை வெறித்துப் பார்த்தான். அவனுக்கு இதுவரை ஒன்றுதான் விளங்காமல் இருந்தது. அண்ணன் ஏன் வரவில்லை? நிரஞ்சலா விக்கிக்கொண்டே அதைச் சொன்னாள், மேமலைக்குப் போனது வரைக்கும். பேனரை மட்டும் சொல்லவில்லை. சுரேஸ் தரையைப் பார்த்தபடியே அதைக் கேட்டு முடித்தான். அவன் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவன்.

“அப்பா செத்து நீங்க கத்திட்டுப் போன அன்னைக்கி, அம்மா என்னயக் கூப்பிட்டு சூடத்துல அடிச்சு சத்தியம் வாங்குச்சுண்ணே” என்றான். “எனக்கு ஒண்ணுன்னா ஊருக்கு என்னமும் சொல்லிக்க, பெரியவனுக்கு மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லணும், அவன் நம்பி ஏமாந்துட்டான்டான்னு சொல்லுச்சு. செத்துப்போயிருந்தா செத்துப்போச்சுன்னே சொல்லியிருப்பேண்ணே. சீரியஸா இருந்துச்சு. அதான் சீரியஸ்னு சொன்னேன்.”

உள்ளதை உள்ளபடி. அதற்கு ஒரு பெயர் உண்டு. அது கஜேந்திரன் சேருக்கு ஞாபகம் வந்தது, ஒரே வரியில் தாண்டி வந்த எல்லா வருசங்களோடும் சேர்ந்து வந்தது. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மேல் லயத்து வாசலில் அந்த பேனரைத்தான் கட்டினார்கள். செருப்புத் தடத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நின்று வாசித்தார்கள். சேர் எழுதினால் எழுதினதுதான், சாவு நடந்த கையோடு எவ்வளவு சுருக்காக அடித்துக் கொண்டுவந்துவிட்டார் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். சிவசக்தி மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். போலவை எடுத்துவிட்டதால் வசனம் நன்றாகத்தான் வந்திருந்தது. மறைவு என்ற இடத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. தேதி சரியாகவே இருந்தது.